மேல் பாதி எழுதாத பக்கம்

போன கிழமை மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சங்கக் கூட்டம். அதிபர் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் ஒரு சீ.ஆர். கொப்பி கதிரை கதிரையாகக் கைமாறி என் மடிக்கு வந்துவிட்டது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், தடித்த மட்டையும் முதுகில் சிவப்புத் துணியுமாக ஒரு நீளக் கொப்பி. வந்தவர்கள் எல்லாரும் பக்கத்தின் கீழ்ப் பாதியில் வரிசையாகக் கையெழுத்து வைத்திருந்தார்கள். மேல் பாதி வெறுமையாகக் கிடந்தது. நான் பேனையைத் திறந்தேன், மூடினேன், முன்பக்கத்தைப் புரட்டினேன், பின்பக்கத்தைப் புரட்டினேன். பக்கத்துக் கதிரையில் இருந்த தாய் ஒருவர், பேனை எழுதவில்லையோ என்று கேட்டார். எழுதும், மேலே என்ன எழுதப் போகிறார்கள் என்றுதான் பார்க்கிறேன் என்றேன். அவர் தன் கதிரையைச் சற்று அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சந்தேகக்காரி என்ற பெயர் எனக்குப் புதிதல்ல. முட்டைக் கடையில் ஒவ்வொரு முட்டையையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிற ஆள் நான். வீட்டில் தொலைபேசி அடித்தால், யார் என்று கேட்க முன்னம் ஏன் என்று கேட்பேன் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். பிறவிக் குணம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பாதி சரி. மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடமும் ஒரு கடற்கரையும் தேவைப்பட்டன.

கொப்பியின் முதுகில் காயாத பசை மணத்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு இருபத்து மூன்று வயதாகிவிட்டது.

சண்டை முடிந்து சில வருடங்கள். திருகோணமலைத் துறைமுகப் பக்கம், மேல்மாடியில் இரண்டு அறை எடுத்து நடந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. வேலை என்னவென்றால், கரையோரக் கிராமங்களுக்குப் போய்ப் பெண்களைக் கூட்டிச் சங்கம் அமைத்து, யாப்பு என்கிற சங்க விதிகளை எழுதி, பிரதேச செயலகத்தில் பதிய வைப்பது. கீழே ஒரு பேக்கரி இருந்தது. காலையில் பாண் மணம், மத்தியானம் கடல் மணம், நடுவில் நான் பசை மணக்கிற புதுக் கொப்பிகளை அட்டை போட்டு அடுக்கிக்கொண்டிருப்பேன். ஒரு சங்கத்துக்கு ஒரு கொப்பி. அந்த அடுக்கைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும்.

நான் சொல்லப் போகும் கிராமம் சல்லி என்ற ஊருக்கு வடக்கே இருக்கிறது. பெயர் வேண்டாம். சொன்னால் யாராவது உறவுக்காரர் வந்து நிற்பார்கள். முதல் நாள் போனபோது யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஒரு அம்மா என் பையை எட்டிப் பார்த்தார், வேதப் புத்தகம் இருக்கிறதா என்று. இன்னொருவர் நான் கார்மெண்ட் தொழிற்சாலைக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்று முடிவு கட்டினார். நான் விவரத்தைச் சொல்லி, அடையாள அட்டை இலக்கம் கேட்டபோது, முப்பது வீட்டிலும் ஒரே நாளில் அடையாள அட்டை காணாமல் போயிருந்தது. பெயர்ப் பட்டியல் என்றால் அது எங்கே போய்ச் சேரும் என்று அவர்கள் நிறையப் பார்த்தவர்கள். எனக்கோ அவர்கள்மேல் எரிச்சல். நல்லது செய்ய வந்தவளை இப்படிக் குடைகிறார்களே என்று நிறுவன வாகனத்துக்குள் இருந்து புறுபுறுத்துக்கொண்டு வருவேன்.

மற்றவர்கள் பின்னால் நின்று கிசுகிசுத்ததை முன்னால் வந்து கேட்டவர் புஷ்பமக்கா. நாற்பது வயதிருக்கும், ஒல்லி, வெயிலில் சுருங்கிய கண். இந்தச் சங்கத்தால் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டார். எனக்குச் சம்பளம் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. அவர் தன் அட்டையை எடுத்து வந்து தந்த பிறகு மற்றவர்களின் அட்டைகளும் ஒவ்வொன்றாகக் கிடைக்கத் தொடங்கின. அவர்தான் தலைவி என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். செயலாளராக வசந்தி. ஏ.எல். படித்த பிள்ளை. அவளுடைய கையெழுத்தைப் பார்த்தால் அச்சடித்ததோ என்று தோன்றும். எனக்கு அழகான கையெழுத்து என்றால் உயிர். அந்தப் பலவீனத்தை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

சங்கம் எதற்கு என்றால், கருவாடு காயப் போடும் இடத்துக்காக. கிராமத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் துண்டு. பழைய வலைகளை விரித்துச் சூடை மீனும் கீரி மீனும் பரப்பி வைப்பார்கள். காய்ந்ததைக் கிண்ணியாவிலிருந்து லொறியில் வரும் முஸ்லிம் வியாபாரி, நானா என்போம், ஏற்றிப் போவார். நிலம் அரசாங்கத்துடையது, யாரிடமும் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. பதிந்த சங்கம் ஒன்று இருந்தால் அதன் பெயரில் பாவனை உரிமை கேட்கலாம். அது கிடைத்தால் முப்பது வீடுகளுக்கும் அடுப்புக் கவலை இல்லை. கிடைக்காவிட்டால் யார் வேண்டுமானாலும் வேலி போடலாம். நான் யாப்பில் ஒரு வரி சேர்த்தேன், காணி பற்றிய எந்தத் தீர்மானமும் தலைவியின் ஒப்பம் இல்லாமல் செல்லாது என்று. மிகக் கெட்டிக்காரத்தனமான வரி என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

கூட்டம் நடத்துவதுதான் பெரும்பாடு. வள்ளம் கரைக்கு வந்துவிட்டது என்று யாராவது கத்தினால் ஒரு நிமிடத்தில் கூட்டம் காலி. மழை இருட்டினால் பரப்பினதை அள்ள ஓடுவார்கள். அறிக்கை எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கலாம் என்று பார்த்தால் பாயும் நானும்தான் மிச்சம். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். வந்து குந்தியதும் முதலில் பக்கத்தின் கீழ்ப் பாதியில் எல்லாரும் கையெழுத்து வைத்துவிடுவது. மேல் பாதியை விட்டு வைத்தால் வசந்தி ஆறுதலாக வீட்டில் இருந்து அறிக்கையை அழகாக எழுதிக்கொள்வாள். எங்கள் இணைப்பாளருக்கு, ஐயா என்று கூப்பிடுவோம், இது மிகவும் பிடித்துப் போயிற்று. மற்ற ஆறு கிராமங்களிலும் இப்படியே செய்யுங்கள் என்றார். செய்தோம்.

புஷ்பமக்கா மட்டும் வைக்க மாட்டேன் என்றார்.

"எழுதிப்போட்டு வாசிச்சுக் காட்டுங்கோ மிஸ், அதுக்குப் பிறகு வைக்கிறன். வெறுந்தாளில ஏலாது."

ஒவ்வொரு மாதமும் இதே கதை. அவருடைய ஒரு கையெழுத்துக்காக நான் மறுநாளும் பஸ் ஏறிப் போய், அறிக்கையை வரி வரியாக வாசிக்க வேண்டும். சில இடத்தில் நிறுத்தி, இது நாங்கள் கதைக்காத கதை என்பார். திருத்தினால் அழகான பக்கத்தில் வெட்டு விழும், வசந்தியின் முகம் வாடும். எனக்கும் வாடும். அப்போதுதான் என் சந்தேகப் புத்தி மெல்ல விழித்தது. இவ்வளவு இழுத்தடிப்பதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று பட்டது.

தேடினால் கிடைக்காமல் போகுமா? கிராமத்து எல்லையில் கொழும்பு ஆள் ஒருவர் ஹோட்டல் கட்ட இடம் வாங்கியிருந்தார். அங்கே காவலுக்கு நிற்பது புஷ்பமக்காவின் தம்பி. ஒரு நாள் புஷ்பமக்காவை டவுனில், காணி அலுவலகப் பக்கம் கண்டேன். என்னைக் கண்டதும் குடையைச் சாய்த்துக்கொண்டார். போதாதா? எனக்குப் போதும். சங்கத்தை உள்ளிருந்தே முடக்குவதற்கு ஹோட்டல்காரன் இவரைப் பிடித்து வைத்திருக்கிறான் என்று மூன்றே நாளில் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று நினைத்தேன்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முந்திய கிழமை வீடு வீடாகப் போனேன். பெயர் சொல்லிக் குறை சொல்லவில்லை, நான் அவ்வளவு மோசம் இல்லை என்று அப்போது நினைத்தேன். புதியவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும், படித்த பிள்ளைகள் முன்னுக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது என்று கூடச் சொல்லிக் கொடுத்தேன். வசந்தி தலைவியானாள். செயலாளராக வந்த பெண்ணுக்கு எழுத்து வராததால் அறிக்கையையும் வசந்தியே தொடர்ந்து எழுதினாள். புஷ்பமக்கா எழுந்து, கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, கடைசிப் பாயில் போய் இருந்தார். பிறகு கூட்டங்கள் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு நடந்தன. அவர் வருவார், கையெழுத்து வைக்காமல் இருப்பார். சாதாரண உறுப்பினர்தானே, நானும் விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் போயிருக்காது. லொறிக்கார நானா ஒரு நாள் என்னை வழியில் மறித்து, மணலில் சிவப்புத் துணி கட்டிய முளைகள் அடித்திருக்கிறதே, தெரியுமா என்று கேட்டார். பிரதேச செயலகத்துக்கு ஓடிப்போய் விசாரித்தால், அந்த மணல் துண்டை ஹோட்டலுக்குக் குத்தகைக்குக் கொடுக்க ஏற்பாடு, ஆட்சேபனை உள்ளவர்கள் இன்ன நாள் விசாரணைக்கு வரலாம் என்றார்கள். எனக்குள் ஒரு கெட்ட சந்தோசம் வந்தது. நான் நினைத்தது சரி, புஷ்பமக்காவின் வேலைதான் இது என்று. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்ததைச் சொல்ல வேண்டுமே.

விசாரணைக்குப் பெண்கள் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள், கோயிலுக்குக் கட்டுகிற சேலையோடு. வசந்திக்குக் காய்ச்சல் என்றார்கள். காணி அதிகாரி பெண்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசை லாச்சியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து விரித்து வைத்தார். என் கையால் அட்டை போட்ட கொப்பி. மேல் பாதியில் அச்சடித்த மாதிரி எழுத்து. மேற்படி நிலம் தற்சமயம் சங்க உறுப்பினர்களால் பாவிக்கப்படாமையால் அதைக் குத்தகைக்குக் கொடுப்பதில் ஆட்சேபனை இல்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கீழே தலைவியின் ஒப்பம். அதற்குக் கீழே வரிசையாகக் கையெழுத்துகள், கைநாட்டுகள்.

"இது உங்கட கையெழுத்துத்தானே?" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்.

ஓம் என்றார்கள். வேறென்ன சொல்ல முடியும்? ஒருத்தி மட்டும், நாங்கள் வைக்கும்போது மேலே ஒன்றும் இருக்கவில்லை என்றாள். வெறும் தாளில் யாராவது கையெழுத்து வைப்பார்களா என்று அதிகாரி கேட்டார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பி, ஐயா, நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்படிச் சொன்னால் ஏழு கிராமத்துக் கொப்பியும் குப்பை, என் வேலையும் போய்விடும். நான் குனிந்து என் பையின் வாரைச் சரிசெய்தேன். அந்தப் பக்கத்தில் கையெழுத்து இல்லாத ஒரே ஆள் புஷ்பமக்கா. அவருடைய ஆட்சேபனையை எழுதிக்கொண்டார்கள். ஒரு ஆளின் ஆட்சேபனை, பதவியும் இல்லாத ஆள்.

வெளியே வேப்பமர நிழலில் அவர் என்னிடம் வந்தார். அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. தம்பிக்குக் கால் முறிந்து கடலுக்குப் போக முடியாமல்தான் காவல் வேலைக்குப் போனார். ஹோட்டல்காரர் மணலை அளக்கிறார்கள், கையெழுத்துக்கு அலைகிறார்கள் என்று அக்காவுக்குச் சொன்னதே அவர்தான். அக்கா காணி அலுவலகத்துக்குப் போனது அதை விசாரிக்க. எங்கள் நிறுவனத்துக்கும் இதில் கூட்டு இருக்குமோ என்ற பயத்தில்தான் என்னைக் கண்டு குடையைச் சாய்த்திருக்கிறார். இதையெல்லாம் குற்றம் சொல்வது போலச் சொல்லவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்.

"என்னில சந்தேகம் எண்டா நேர கேட்டிருக்கலாமே மிஸ். நான் சொல்லியிருப்பன்தானே."

அடுத்த மாதம் வசந்தி ஹோட்டல் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலைக்குச் சேர்ந்தாள். அவள்மேல் எனக்கு ஒரு நாளும், ஒரு கணமும் சந்தேகம் வந்ததில்லை. யோசித்துப் பார்த்தால், அவள்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி, என்னை மயக்கிய அந்த எழுத்துமேல்தான்.

எங்கள் நிறுவனம் மூடப்பட்டு நெடுங்காலம். அந்த மேல்மாடியில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள், பேக்கரியும் இல்லை. மணல் துண்டின் மேல் மதில் எழுந்துவிட்டது. அதற்குப் பின்னால் வெள்ளைக் குடைகளும் சாய்வுக் கதிரைகளும். கருவாட்டு மணம் வெளிநாட்டவருக்கு ஆகாது என்று வீட்டு முற்றத்தில் காயப் போடுவதையும் நிறுத்தச் சொன்னார்களாம். நானாவின் லொறி அந்தப் பக்கம் வருவதில்லை. ஆனால் சங்கம் மட்டும் பதிவேட்டில் இன்றைக்கும் இருக்கிறது, இலக்கத்தோடும் நான் எழுதிய யாப்போடும். கலைப்பதென்றால் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். யார் கூட்டுவது?

இரண்டு மாதத்துக்கு முன் டவுன் சந்தையில் புஷ்பமக்காவைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது. என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார், வீட்டுக்காரரின் சுகம் கேட்டார். கையில் பிளாஸ்டிக் உறையில் அடைத்து விலை ஒட்டிய சூடைக் கருவாடு, கால் கிலோ. என் வாய் சும்மா இருக்கவில்லை, அக்கா, நீங்களுமா கருவாடு கடையில் வாங்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"காயப் போட எங்க மிஸ் இடம்?" என்றார்.

அவர் குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே எனக்குத் தெரிந்த இடம் ஏதும் இருக்குமோ என்பது போல என் முகத்தைப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.