தாய்மாமனை அழைக்கப் போன கார்

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, சரியாக நினைவில்லை. தேனியில் மோட்டார் பம்பு சாமான் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் கோயம்புத்தூருக்குப் போய் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி வந்தார். சிவப்பு நிறம். சின்னக் கார்தான், ஆனால் எஞ்சின் பெரியது. அகல டயர், பின்கதவுக்கு மேலே ஒரு ரெக்கை, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. பாயில் உட்காருவது போலத்தான் அதில் உட்கார வேண்டும். "ஏறிறலாம்ப்பா. எறங்குறதுக்குத்தான் ஆள் வச்சுத் தூக்கணும்" என்றார் என் மாமியார்.

ஊரில் ஆளாளுக்கு ஜீப் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்துக்குப் போகலாம், உர மூட்டை ஏற்றலாம், மலைக்கும் போய் வரலாம். இவருக்கு மட்டும் ஏன் புத்தி இப்படிப் போனதோ என்று முதல் வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, சின்னமனூர் தாண்டி உத்தமபாளையம் ரோட்டில், ரெண்டு பக்கமும் நெல் வயல், கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு இவர் ஒரு மிதி மிதித்தார் பாருங்கள்! முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வளைவில் கார் ரோட்டைக் கவ்விப் பிடித்துத் திரும்பியது. என்னை அறியாமல் "இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" என்று கத்திவிட்டேன். அன்றைக்கே, எனக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுங்கள் என்று அடம்பிடித்தேன். கொஞ்ச நாளில் பெரியகுளத்தில் இருந்த என் ஆபீசுக்கே அதை ஓட்டிக்கொண்டு போய் இறங்கினேன். பியூனில் இருந்து ஆபீசர் வரை வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே தொல்லை வேகத்தடை. எங்கள் பக்கம் ஒவ்வொரு ஊர்க்காரரும் அவரவர் தெம்புக்கு ஏற்ற உயரத்தில் போட்டு வைத்திருந்தார்கள். அது வந்தால் இவர் வண்டியை நிறுத்தி எங்களை இறக்கிவிடுவார். நாங்கள் நடந்து தாண்டி அந்தப் பக்கம் நிற்போம். இவர் காரைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு டயராக, பச்சைப் பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போல இறக்குவார். டீக்கடைக்காரர்கள் சிரித்தார்கள். "வண்டி ஓட்டுறாரா, கோலம் போடுறாரா?" என்று ஒரு ஆள் என் காது படவே கேட்டான். சிரிச்சுட்டுப் போங்கடா என்று நானும் சிரித்துவிட்டேன்.

அடுத்த தை மாதம் எங்கள் மூணு வயசு மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்த ஏற்பாடு செய்தோம். கடமலைக்குண்டு பக்கம் இருக்கும் இவர்கள் குலதெய்வக் கோவிலில் விசேஷம். எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. மேகமலையில் தேயிலை எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்தான். தாய்மாமனை நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து அழைப்பதுதான் முறை. அந்தப் பொறுப்பை இவர் ஏற்றுக்கொண்டார். நானும் பந்தல், சமையல் என்று அலைந்துகொண்டிருந்ததில் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

விசேஷத்துக்கு முதல் நாள் காலை, எந்த ஜீப்பில் இறங்கி வருகிறாய் என்று கேட்க எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டேன். தம்பிதான் எடுத்தான்.

"நான் வரலக்கா. நல்லபடியா நடத்துங்க."

"ஏலே, என்னடா ஆச்சு?"

"மச்சான் போன்ல சொன்னாக. மலை ரோட்டுல கார் அடி தட்டிருமாம், அதான் நேர்ல வர முடியலயாம். தாய்மாமனவிட அந்தக் கார் அடிவயிறு பெருசாப் போச்சாக்கும். பரவால்லக்கா, போன்ல கூப்ட்ட விசேசத்துக்குப் போன்லயே ஆசீர்வாதம் பண்ணிர்றேன்."

வைத்துவிட்டான். பந்தக்கால் பக்கம் நின்ற இவரை இழுத்து வந்து கேட்டால், தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். "ஒன் தம்பிதான, தப்பா எடுத்துக்க மாட்டாப்லன்னு நெனச்சேன்" என்கிறார்! அதற்குள் மாமியார் என்னைப் பார்த்து, "ஒங்க சித்தப்பா மகன் இருக்கான்ல, அவன் மடியில வச்சுக் குத்திருவோம்" என்றார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது எனக்கு. கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருத்தன் மடியா? நாளைக்கு அவன் என் வீட்டு வாசலை மிதிப்பானா?

"ஜீப் பிடிச்சுப் போய்க் கூட்டியாந்துருவோம்" என்றார் இவர்.

"ஜீப்பெல்லாம் வேணாம். எந்தக் கார் ஏறாதுன்னு போன்ல கூப்ட்டீகளோ, அந்தக் கார்லயே ஏறிப் போய் அவன் முன்னால நில்லுங்க."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. உள்ளே போய்த் தாம்பாளத்தை எடுத்து அவரே துடைத்தார்.

பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். சின்னமனூர் தாண்டி அடிவாரத்துச் செக்போஸ்ட் வரைக்கும் இவர் ஓட்டினார். அங்கே இறங்கி, குனிந்து காரின் அடியை ஒரு முறை பார்த்தார். "நீ ஓட்டு. அடி ஒரசுனா எனக்கு மனசு தாங்காது" என்றார். மலை ஏறத் தொடங்கினேன். ரோடா அது? தார் பேருக்குத்தான் இருந்தது. பள்ளமும் ஜல்லியுமாகக் கிடந்தது. ரொம்ப மோசமான இடங்களில் இவர் இறங்கி முன்னால் நடந்து, பெரிய கற்களைப் பொறுக்கி ஓரத்தில் போட்டார். "லெஃப்ட்ல வா! இன்னும் லெஃப்ட்! நில்லு, நில்லு!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நின்றவரைப் பார்த்து எனக்குக் கோபமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்தது.

முதல் முறை அடி உரசி டர்ரென்று சத்தம் வந்தபோது தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அடுத்த முறை கண்ணை மூடினார். அதற்கப்புறம் பதறுவதையே நிறுத்திவிட்டார். கொஞ்சம் நல்ல ரோடு வந்த ஒரு கொண்டையூசி வளைவில் நான் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் கார் உறுமிக்கொண்டு மேலே தாவியது. "செகண்ட் போடு! செகண்ட்! அப்படிப் போடு அருவாள!" என்று டாஷ்போர்டைத் தட்டினார். எங்கள் கல்யாணத்தில்கூட நாங்கள் அவ்வளவு சிரித்ததில்லை.

எஸ்டேட் நெருங்கும்போது ஒரு கல் ஏமாற்றிவிட்டது. சைலன்சர் விட்டுத் தொங்கி, கார் டிராக்டர் போலக் கத்தியது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் இருந்து பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆபீசில் இருந்து தம்பியும் வெளியே வந்தான். என்னைப் பார்த்தான். காரைப் பார்த்தான். மண் தரையில் மல்லாந்து படுத்து அடியில் தலையை விட்டான்.

"அய்யய்யோ மச்சான், போச்சு! சைலன்சர் தொங்குது. கீழ பூரா ஒரசிக் கெடக்கு."

"அது கெடக்கட்டும், மாப்ள. நீ எந்திரி. மொதல்ல இத வாங்கு."

தம்பி எழுந்து முதுகில் ஒட்டிய மண்ணோடு நின்றான். இவர் ரெண்டு கையாலும் தாம்பாளத்தை நீட்டியபடி நின்றார். தம்பி வாங்கவில்லை.

"எனக்காகவா இத மேல ஏத்துனீக?" என்று கேட்டான்.

"நான் எங்க ஏத்துனேன்? ஒங்க அக்கா ஏத்துச்சு. நான் கல்லுப் பொறக்குனேன்."

தம்பிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே தட்டை வாங்கினான். கண் மட்டும் கலங்கியிருந்தது. இவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு ரெண்டு பேருமாகச் சேர்ந்து சைலன்சரைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். தம்பி வீட்டில் டீ குடித்துவிட்டு, அவன் பெண்டாட்டியையும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினோம்.

மறுநாள் கோவிலில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, புது வேட்டி கட்டி, மாலையும் கழுத்துமாகத் தம்பி உட்கார்ந்தான். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டாள். என்னிடம் தாவிவிடுவாள் என்று ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் போனேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மாமா, வேணாஞ் சொல்லு மாமா" என்று அவனிடமே முறையிட்டாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணுடி தங்கம், மாமா இருக்கேன்ல" என்று அவனும் சேர்ந்து அழுதான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.