சிவப்புப் பொட்டு வைத்த சில்லு

யூட் என் சைக்கிளின் முன்சில்லைத் திருடிவிட்டான்.

இந்தியாவில், அகதி முகாமில், பக்கத்து வீட்டில் வளர்ந்தவன். இலங்கைக்குத் திரும்பி மீள்குடியேறியபோது இருவருக்கும் ஒரே மாதிரி கியர் சைக்கிள் தந்தார்கள்.

என்னுடையதில் டிஸ்க் பிரேக் உரசுகிறதென்று போன கிழமை அவனிடம்தான் திருத்தக் கொடுத்தேன். திரும்பி வந்தபின் உரசல் கூடிவிட்டது. முருங்கன் டவுனுக்கு வேலைக்குப் போக எனக்கு வேறு வாகனம் இல்லை.

இன்று நானே பிரேக்கைத் தளர்த்தி, பிடியை அழுத்தியபடி திரும்ப இறுக்கினேன். உரசல் நிற்கவில்லை. சில்லைச் சுற்றினால், அதிலுள்ள டிஸ்க் வளைந்திருந்தது. சில்லில் நான் வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டையும் காணவில்லை. முகாம் குழாயடியில் குடம் மாறாமலிருக்க வைத்துப் பழகிய பொட்டு.

யூட்டின் வீட்டுக்குப் போனேன்; பொட்டு அவன் சைக்கிளின் முன்சில்லில் இருந்தது.

"டேய், இது என்ரை சில்லு."

"எல்லாம் ஒரே மாதிரித்தானே மச்சான்."

"எனக்குப் பொட்டு வைக்கப் பழக்கினதே நீதானடா! கழட்டித் தா."

ஏறி மிதித்துப் போய்விட்டான். அவன் பிரேக் கொஞ்சமும் உரசவில்லை.