ஆறு வருடம் ஓடாத டிஷ்வாஷர்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கப்பல் சமையலறையில் வேலை செய்து ஹூஸ்டனில் இறங்கினேன். நியூஜெர்சி பெட்ரோல் பங்க் ஒன்றில் இரண்டு குளிர்காலம் நின்றேன். பிறகு டெக்சாஸுக்கே திரும்பி, ரிச்சர்ட்சன் ஊரில் வீட்டு மெஷின்களைப் பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தேன். அங்கே அவற்றின் ஆயுள் அத்துப்படியானது. வாட்டர் ஹீட்டருக்குப் பத்து வருடம். உப்புத் தண்ணீர் என்றால் எட்டு. கூரைக்கு இருபது என்பார்கள். டெக்சாஸ் ஆலங்கட்டி மழைக்கு அந்தக் கணக்கு தெரியாது. டிஷ்வாஷருக்கும் பத்துதான், ஓடினால்.

டெலிகாம் கம்பெனிகள் கூட்டம் கூட்டமாக ஆட்களை வேலையை விட்டு அனுப்பிய வருடம், பக்கத்து ஊரான ஆலனிலிருந்து ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் கூப்பிட்டது. கணவருக்கு வேலை போய்விட்டது, வேலையோடு விசாவும். பத்து நாளில் ஊருக்கு விமானம். வீட்டுக்கு ஒரே ஒருவர்தான் விலை பேசியிருந்தார். மறுநாள் காலை அவர் வைத்த வீட்டுச் சோதனை இன்ஸ்பெக்டர் வந்து எல்லா மெஷினையும் ஓட்டிப் பார்ப்பார். அவருக்குத் திருப்தியில்லை என்றால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

மனைவி டிஷ்வாஷரைத் திறந்து காட்டினார். உள்ளே சில்வர் தட்டுகள், டம்ளர்கள், மேல் தட்டில் மசாலா டப்பாக்கள். நம்மவர்கள் வீட்டில் பாதி இப்படித்தான்: சிங்க்கில் கழுவி, இதற்குள் கவிழ்ப்பார்கள்.

"வாங்குனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குதுங்ண்ணா. ஆறு வருஷத்துல ஒரு நாள்கூடப் போட்டதில்ல."

"அதாம்மா பயமா இருக்கு."

"யூஸே பண்ணாதது எப்படிங்க ரிப்பேர் ஆகும்?" என்றார் கணவர்.

தட்டுகளை எடுத்துவிட்டு ஓட விட்டேன். ஐந்து நிமிடத்தில் அடியிலிருந்து தண்ணீர் சமையலறை முழுக்கப் பரவியது. பம்ப்பின் ரப்பர் சீல் ஈரம் படாமல் காய்ந்து வெடித்திருந்தது. புதிய சீல் வர நான்கு நாள் ஆகும். கணவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கடையின் பின்கட்டில் அதே அளவில் ஒரு மெஷின் கிடந்தது. ஐந்து குழந்தைகள் உள்ள வீட்டில் தினமும் இருமுறை ஓடியது. உள்ளே மஞ்சள் கறை. கீழ்த் தட்டில் ஒரு சக்கரம் இல்லை. அதைக் கொண்டுவந்து பொருத்தினேன். பழையது என்று வாங்குபவரிடம் சொல்லிவிடவும் சொன்னேன்.

"ஏனுங்ண்ணா, புதுசாட்டம் இருக்கறதைக் கழட்டிட்டு இந்த அழுக்கு டப்பாவையா வெக்கறீங்க?"

"அதுக்கென்ன, மாப்பிள்ளையா பாக்கறோம்? ஒழுகாம இருந்தாப் போதும், விடு" என்றார் கணவர்.

காலையில் நானும் போனேன். இன்ஸ்பெக்டர் பொத்தானை அழுத்திவிட்டுப் பரண் பார்க்க ஏறினார். மெஷின் லாரி போல உறுமியது. மூவரும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் இறங்கி வந்து, குனிந்து டார்ச் அடித்து, தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. பழையது, வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டு காரேறினார்.

கணவர் வாங்குபவருக்கு போன் போடப் போனார். மனைவி என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் எவ்வளவு நேரம்ங்ண்ணா ஓடும்?"

"முக்கால் மணி நேரம். நீங்க நிக்க வேண்டாம்மா, அதுபாட்டுக்கு ஓடும்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தார். "அவரு சரின்னுட்டாரு!" என்று உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்தபோதும் எழவில்லை. கையை மட்டும் மெஷினின் கதவில் வைத்தார். சூடாக இருந்திருக்க வேண்டும், எடுத்துக்கொண்டார்.