கலியபெருமாள் சார் இருக்காருங்களா?

பங்குச் சந்தையில் கொஞ்சம் பணம் போடலாம் என்று ஐம்பத்திரண்டு வயதில்தான் எனக்குத் தோன்றியது. சரி, எந்தக் கம்பெனியில் டீமேட் கணக்கு தொடங்குவது?

எனக்கு எதையும் எழுதிப் பார்த்தால்தான் புரியும். நோட்டில் கட்டம் போட்டேன். ஆண்டுக் கட்டணம், வாங்கி விற்கத் தரகு, போன் செய்தால் எடுப்பார்களா... கடைசியில் இரண்டு கம்பெனிகள் மிஞ்சின. ‘குறிப்பு’ என்ற கட்டம் மட்டும் காலி.

“பத்து நாளா கோடு போடறீங்க. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப அரை மணி நேரத்துல முடிவு பண்ணீங்களே!” என்றாள் மனைவி வனஜா.

“அன்னிக்கு நோட்டு எடுத்துட்டு வரலை.”

முதல் கம்பெனியின் ஆப்பில் விவரம் கேட்டுப் பதிந்தேன். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு இடம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இன்ஷியல்தானே! அப்பா பெயரைப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஷேவ் செய்யும்போது போன். கையெல்லாம் சோப்பு. ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் அம்மா மல்லாட்டை உரித்துக் கடலையைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

“வணக்கங்க... கலியபெருமாள் சார் இருக்காருங்களா?”

அம்மாவின் கை நின்றது.

அப்பா போய் ஆறு வருடம். முன்பெல்லாம் அவர் வேலை பார்த்த செராமிக் கம்பெனி ஆட்கள் வாசலில் நின்று இப்படித்தான் கேட்பார்கள். “தோ வராருங்க” என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அம்மா அந்தப் பெயரை வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வார். அடுத்தவர் சொல்லிக் கேட்டால்தான் உண்டு. இப்போது யார் சொல்கிறார்கள்?

“அது எங்கப்பா பேருங்க. என் பேரு முருகன்.”

“சாரி சார். கடைசிப் பேரை வெச்சுத்தான் கூப்பிடுவோங்க. மாத்திடட்டுங்களா?”

அம்மா அவசரமாகக் கையை ஆட்டினார் – வேண்டாம்!

“இருக்கட்டும்மா” என்றேன் அந்தப் பெண்ணிடம்.

போனை வைத்ததும் அம்மா கேட்டார்: “அந்தப் பொண்ணு மறுபடியும் பேசுமாடா?”

“கணக்கு தொடங்கினா பேசும்மா.”

“அப்பத் தொடங்கேன்.”

இன்னொரு கம்பெனியில் தரகு குறைவு. கட்டம் கட்டமாகப் பார்த்தால் அதுதான் சரி. ஆனால்... முதல் கம்பெனியிலேயே தொடங்கிவிட்டேன்.

வனஜா நோட்டை எட்டிப் பார்த்தாள். “காரணம் எழுதலியா?”

காலியாக இருந்த கட்டத்தில் எழுதினேன்: ‘அப்பா இருக்கிறாரா என்று கேட்கிறார்கள்.’