அதே குழாயடி, அதே குரல்

பெங்களூரில் எங்கள் தொம்மலூர் சந்தில் அப்போது காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், அதுவும் காலையில் கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் மொத்தச் சந்தும் குழாயடியில்தான் நிற்கும். பல் தேய்ப்பது, சண்டை போடுவது, பெண்ணுக்கு வரன் விசாரிப்பது எல்லாம் அங்கேதான். ஃபைனான்ஸ் கம்பெனியின் வசூல்காரர் என் மானத்தை வாங்க அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார்.

"மேல் வீட்டு சாரே! ஸ்கூட்டர் ஓட்டத் தெரியுதுல்ல? இன்சூரன்ஸ் காசு கட்ட மட்டும் தெரியாதா?"

நல்ல கனத்த குரல். கடைசி வீடு வரை போய்த் திரும்பி வந்தது. நான் பாதி சவரம் செய்த முகத்தோடு பால்கனியில் எட்டிப் பார்த்தேன். கீழே அத்தனை பேரும் குடத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். கடன்காரன் வேடத்துக்கு அதைவிடப் பொருத்தமான முகம் கிடைக்காது.

நடந்தது இதுதான். தவணையில் ஸ்கூட்டர் வாங்கினேன். தவணை எல்லாம் ஒழுங்காகக் கட்டினேன். கடைசி வருடம் மட்டும் இன்சூரன்ஸை நானே புதுப்பித்து, நகலைக் கம்பெனியில் கொடுத்தேன். அவர்கள் நகலைத் தொலைத்துவிட்டு, தாங்களும் ஒரு இன்சூரன்ஸ் எடுத்து, அந்தச் சில்லறைத் தொகையை என் தலையில் எழுதி, தவணை தவறியவன் என்று நோட்டீஸும் அனுப்பினார்கள். படித்துச் சிரித்துவிட்டு, ஆடிக்கொண்டிருந்த டி.வி. ஸ்டாண்டின் காலுக்கடியில் நாலாக மடித்து வைத்தேன். டி.வி. ஆடவில்லை. நான்தான் ஆடிப்போனேன்.

அன்று சாயங்காலம் கீழ் வீட்டு ஓனரம்மா மாடியேறி வந்தார். கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழைத் தன் வசதிக்கு வளைத்து வைத்திருப்பவர்.

"சார், பேஜார் மாட்கோபேடி, வருத்தப்படாதீங்க. இந்த வாட்டி டேங்கர் துட்டு நானே கலெக்ட் பண்றேன். உங்களுக்கு ஏன் சும்மா தொந்தரவு?"

கோடையில் சந்துக்குத் தண்ணீர் லாரி வரவழைப்போம். வீட்டுக்கு வீடு காசு வாங்கி லாரிக்காரனுக்குக் கொடுக்கும் வேலை பல வருடமாக என்னுடையது. யாரும் விரும்பாத வேலை. நானும் திட்டிக்கொண்டேதான் செய்தேன். பிடுங்கிய பிறகுதான் அது பதவி என்று தெரிந்தது. காசு விஷயத்தில் சந்து என்னை நம்பியது, இப்போது நம்பவில்லை. சமாசாரம் அவ்வளவுதான்.

எனக்குச் சாதாரணமாகக் கோபம் வராது, வந்தாலும் பார்ப்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்த வாரம் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்து அந்த வசூல்காரரை விதவிதமாகப் பழி வாங்கினேன், மனசுக்குள். ஒருநாள் அவரைச் சந்தில் எல்லா வீட்டுக்கும் குடம் தூக்க வைத்தேன். மறுநாள் அவர் கல்யாண மண்டபத்தில் போய், மாப்பிள்ளை ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் கட்டவில்லை என்று கத்தினேன். அவருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும், கல்யாணமாகி யுகம் ஆகியிருக்கும். கற்பனைக்கு அதெல்லாம் ஒரு தடையா?

கம்பெனிக்கு நடந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "சிஸ்டம்ல பாக்கி காட்டுது சார்" என்றாள். அடுத்த முறையும் அதையே சொன்னாள். சிஸ்டத்திடம் நேரில் பேச வழியில்லாததால் நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்தேன். வக்கீல் வேண்டாம், நாமே பேசலாம் என்றார்கள். பேச்சுக்கா பஞ்சம்? வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று வாதாடிப் பழகினேன். "கண்ணாடி பாவம்ங்க, ஒத்துக்கிட்டுப் போகட்டும் விடுங்க" என்றாள் மனைவி.

விசாரணை வருவதற்குள் கம்பெனி மேனேஜரே கூப்பிட்டனுப்பினார். ஏ.சி. அறை, எனக்கு ஒரு காபி.

"சின்ன அமவுன்ட் சார். குட்வில்லா தள்ளுபடி பண்ணிடறோம். கேஸை வாபஸ் வாங்கிடுங்க."

"தள்ளுபடின்னா நான் கடன்பட்டிருந்தேன்னு அர்த்தம். நான் படலையே."

"சரி, தப்பு எங்களுதுன்னே லெட்டர் தரோம். கடன் முடிஞ்சதுன்னு என்.ஓ.சி.யும் தரோம். போதுமா?"

"லெட்டரை எங்க சந்துல யாரு படிக்கப் போறா? அன்னிக்கு வந்தாரே, அதே ஆளு வரணும். தண்ணி வர நாளா பார்த்து வரணும். அதே எடத்துல நின்னு, அதே குரல்ல, நான் பைசா பாக்கி இல்லேன்னு கத்தணும்."

மேனேஜர் காபியை என் பக்கம் தள்ளினார். "வேற ஏதாவது, காம்பென்சேஷன் மாதிரி..." என்று இழுத்தார். நான் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். நல்ல காபி. பழிவாங்குகிறவன் குடிக்கக்கூடாது என்று அப்போது தோன்றியது.

கேஸுக்குப் பயந்து மேனேஜர் கடைசியில் ஒத்துக்கொண்டார்; நான் சொன்னபடியே தண்ணீர் வரும் நாளில் வந்தார் வசூல்காரர். அன்று நான் விடியலிலேயே முழுசாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் பால்கனியில் தயாராக நின்றேன். கீழே குடங்கள், டிரம்கள், சனம். ஹவுஸ்ஃபுல்.

அவர் தொண்டையைச் செருமினார். "சாரு பாக்கி இல்ல..."

"கேக்கலை!" என்றேன் மேலிருந்து. "அன்னிக்கு இப்படியா கத்தினீங்க? கடைசி வீடு வரைக்கும் போச்சு!"

"குரு, பொதுஜனம் நிக்குது. சொல்ப மருவாதி குடுங்க, கொஞ்சமாவது" என்று கன்னடம் கலந்து கெஞ்சினார்.

"அன்னிக்கும் இதே ஜனம்தான் நின்னுது. கத்துங்க!"

அவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக் கத்தினார். "மேல் வீட்டு சாரு ஒரு பைசா பாக்கி இல்ல! தப்பு கம்பெனிது! சாரு யோக்கியரு!"

யோக்கியர் என்பது நான் கேட்காதது, அவராகப் போட்டுக் கொடுத்தது. நெஞ்சு நிறைந்தது. கைதட்டல் வரும் என்றுகூட எதிர்பார்த்தேன்.

குழாயடியிலிருந்து எதிர்வீட்டுக்காரர் கேட்டார்: "ஏம்ப்பா, கடன் இல்லேன்னு சொல்றதுக்கா ஒருத்தன் காலங்காத்தால வீடு தேடி வருவான்?"

"இவரே துட்டு குடுத்துக் கத்தச் சொல்லியிருப்பாரு" என்றது ஒரு பெண் குரல். "மேல நின்னு சொல்லிக் குடுத்தாரே, பாக்கலையா?"

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தடதடவென்று கீழே இறங்கினேன். அதற்குள் ஓனரம்மா வீட்டுக்குள் போய்த் திரும்பியிருந்தார். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அதற்குள் டேங்கர் காசு.

"சார், நாச்சிக்கே வேண்டா, வெக்கப்படாதீங்க. எல்லாரும் சரின்னுட்டாங்க. இதுல எடுத்து அவனுக்குக் குடுத்து முடிச்சுருங்க. இல்லாட்டி தண்ணி நாளெல்லாம் வந்து கத்துவான்."

அத்தனை வருடம் நான் வீடு வீடாக ஏறி வாங்கிய காசு, எனக்கு தர்மமாக வருகிறது! அதைவிடக் கொடுமை, பாட்டிலைப் பார்த்ததும் வசூல்காரரின் கை தன்னால் பைக்குள் போனது. ரசீதுப் புத்தகத்தை எடுத்தார், கார்பன் தாளைச் சொருகினார், என்னைப் பார்த்தார்.

"சார், வாங்கிக்கட்டுமா?"

அப்போதுதான் எனக்கு நிஜமாகக் கோபம் வந்தது. ரசீதுப் புத்தகத்தைப் பிடுங்கி, பக்கத்தில் நிரம்பி நின்ற டிரம்முக்குள் போட்டேன். கையால் அழுத்திப் பிடித்தேன். குமிழி விட்டது. கார்பனின் நீலம் மெதுவாகக் கசிந்து பரவியது. அத்தனை நாள் கற்பனை செய்த எந்தப் பழியும் அவ்வளவு சுகமாக இருந்ததில்லை.

சந்து அதைப் பார்த்தது. கடன்காரன் ரசீதுப் புத்தகத்தை முக்க மாட்டான், காலில் விழுவான் என்று எதிர்வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். ஓனரம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலை என் ஈரக் கையில் திணித்தார்.

"அப்போ இது நீங்களே வெச்சுக்கோங்க. லாரி நாளைக்குச் சொல்லுங்க."

பதவி திரும்பிவிட்டது. பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினால், மனைவி அந்த டிரம்மையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்போதுதான் கவனித்தேன், அது எங்கள் டிரம். குழாயிலும் தண்ணீர் நின்று வெறும் காற்று வர ஆரம்பித்திருந்தது.

"நல்லாப் பழி வாங்கினீங்க" என்றாள். "நாளன்னிக்குத் தண்ணி வர்ற வரைக்கும் இந்த நீலத் தண்ணியிலதான் உங்களுக்குக் குளியல்."