தலைதட்டிய ஆழாக்கு

எதிர் வீட்டு அம்சவல்லியைப் பற்றிச் சொல்வதென்றால் அதிரசத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அவளும் அதைத்தான் விரும்புவாள். எங்கள் பிளாக்கில் மதுரைக்காரர், சேலத்துக்காரர், நாகர்கோவில்காரர் என்று எல்லா ஜில்லாவும் குடியிருந்தது. ஆளுக்கொரு குழம்பு, ஆளுக்கொரு பொடி. ஆனால் தீபாவளி நோன்புக்கு அதிரசம் என்றால், அத்தனை பேரும் அரிசியும் வெல்லமுமாக அம்சவல்லி வாசலில்தான் நிற்பார்கள். அவள் கையால் பாகு இறங்கினால்தான் அதிரசம் எண்ணெயில் பிரியாது என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பரப்பியது பெரும்பாலும் அவளேதான்.

அவள் கணவர் குமரவேல் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட். கல்யாணமாகி குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது குறிஞ்சிப்பாடியில் தாய் வீட்டிலிருந்து ஒரு பித்தளை ஆழாக்கு கொண்டுவந்தாள். அரிசி, பருப்பு, ரவை எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு. கிலோ கணக்கெல்லாம் ரேஷன் கடையோடு சரி. அரிசி அளக்கும்போது மட்டும் தலைதட்ட மாட்டாள். மேலே கோபுரமாகக் குவிந்து, நாலு மணி கீழே சிந்தினால்தான் அவளுக்கு அது ஓர் ஆழாக்கு.

"தலைதட்டி அளக்கறது கடைக்காரன் வேல. குடும்பக்காரி குவிச்சுதான் அளக்கணும்" என்பாள். வெல்லத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதை அழுத்தி, விரலால் வழித்துத்தான் எடுப்பாள். நாலு ஆழாக்கு அரிசிக்கு மூணு ஆழாக்கு வெல்லம். வாயால் சொல்லும்போது இவ்வளவுதான். குவிப்பதும் வழிப்பதும் அவள் கையோடு இருந்தது.

மகள் பொற்கொடி கேட்டால்கூட, "அதெல்லாம் கண்ணளவுதான், போடி" என்று விரட்டிவிடுவாள். அந்தப் பெண்ணும் கேட்டுக் கேட்டு அலுத்து, கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டது.

அதற்கடுத்த வருஷம் அம்சவல்லிக்குப் பக்கத்து வீட்டில் நந்தினி குடிவந்தாள். சேலத்துப் பெண், பொற்கொடியைவிட நாலைந்து வயது மூத்தவள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் கப்புகள், வளையத்தில் கோத்த ஸ்பூன்கள், ஒரு பலகாரத் தட்டு அளவுக்கு மெலிந்த எலக்ட்ரானிக் தராசு, இவைதான் அவளுடைய சீர்வரிசை. யார் வீட்டுச் சமையல் நன்றாக இருந்தாலும் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். நாகர்கோவில்காரர் நாழி என்பார், மதுரைக்காரர் உழக்கு என்பார், ஒருத்தி "எங்க வீட்டு காபி டம்ளருக்கு ஒண்ணு" என்பாள். எல்லாவற்றையும் தராசில் கொட்டிக் கிராமாக்கி, பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவாள். அடுத்தவர் பலகாரத்தைச் செய்து பார்த்து ஏமாந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று சரியாக வர ஆரம்பித்தது. அப்புறம் என்ன, எதற்கெடுத்தாலும் நந்தினிதான்.

அம்சவல்லிக்கு வயிறு பற்றி எரிந்தது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது. "தராசு வெச்சு சமைக்க இது என்ன நகைக்கடையா?" என்று என்னிடம் பொருமுவாள். குமரவேல் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்து நந்தினி கொடுத்த மைசூர்பாகைத் தின்றுவிட்டு, "நல்லா இருக்குது, நீயும் அளவு கேட்டுக்கோயேன்" என்று சொல்லித் தொலைத்தார். அன்று ராத்திரி அவருக்கு வெறும் ரசம்தான் கிடைத்தது. அந்த வருஷம் தீபாவளிக்கு அரிசியும் வெல்லமுமாக வந்தவர்களும் பாதிக்குப் பாதி குறைந்துபோனார்கள். மைசூர்பாகு போதுமாம் அவர்களுக்கு.

மறு வருஷம் தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது நந்தினி வந்து நின்றாள்.

"அக்கா, உங்க அதிரச அளவு வேணுங்க்கா. எல்லாரும் கேக்கறாங்க."

முடியாது என்றால் பிளாக் முழுக்கக் கஞ்சப்பிசினாரி என்று பேர் வரும். அம்சவல்லி ஆழாக்கை எடுத்துக்கொண்டு நந்தினியின் அடுப்படிக்குப் போனாள். தராசின் மேல் கிண்ணம். அம்சவல்லி அரிசியை அள்ளினாள். குவிந்து நின்றதைப் புறங்கையால் ஒரே வீச்சில் தலைதட்டிவிட்டுக் கிண்ணத்தில் கொட்டினாள். பிறந்ததிலிருந்து அரிசிக்கு அவள் தலைதட்டியது அன்றைக்குத்தான். வெல்லத்தை மட்டும் வழக்கம்போல அழுத்தி எடுத்தாள்.

"கை தவறிப் போச்சுன்னு நெனைக்காத. நான் வேணும்னேதான் தட்டினேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அரிசி குறைந்து வெல்லம் ஏறினால் அதிரசம் என்ன ஆகும்? எண்ணெயில் போட்டதும் விரிந்து, பிரிந்து, கரைந்து கரியாகும். நந்தினிக்கும் அப்படித்தான் ஆனது. பாவம், தன் பாகுதான் பதம் தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். "அதெல்லாம் கைராசிம்மா, ஒருநாள்ல வராது" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்த அம்சவல்லியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு நாள் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். நந்தினியோ, "பாகு பதம் மட்டும் பாத்துக்குங்க" என்று ஒரு வரி சேர்த்து அந்த அளவைக் குரூப்பில் போட்டுவிட்டாள். எங்கள் பிளாக்கில் அதை யாரும் செய்து பார்க்கவில்லை.

நோன்புக்கு மூன்று நாள் இருந்தது. முறுக்கு பிழியும் உழக்கைக் கேட்டு நான் அம்சவல்லி வீட்டுக்குப் போயிருந்தேன். நந்தினி போனும் கையுமாக உள்ளே வந்தாள்.

"அக்கா, பொற்கொடியும் நம்ம குரூப்புல இருக்காள்ல, என் அளவுல அதிரசம் போட்டிருக்கா. எல்லாம் பிரிஞ்சு போச்சாம். நோன்புக்குப் படைக்கறதுக்கு மாமியார் அவளைத்தான் செய்யச் சொல்லியிருக்காங்களாம். அழறா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னுதான் சொன்னா, எனக்குத்தான் மனசு கேக்கல. எங்க தப்புன்னு ஒரு தடவ பாத்துச் சொல்லுங்கக்கா."

"அவ எதுக்கு உங்கிட்ட கேட்டா?" அம்சவல்லிக்கு முதலில் வந்தது அந்தக் கேள்விதான். மகள் அழுகிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. முகம் வெளுத்துப்போனது. ஆழாக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, நானும் பின்னாலேயே போனேன்.

அரிசியைக் குவித்து அள்ளிக் கிண்ணத்தில் கொட்டினாள். நந்தினி தராசைப் பார்த்தாள், அம்சவல்லியைப் பார்த்தாள்.

"நாப்பது கிராம் கூட காட்டுதேக்கா. அன்னிக்கு இவ்ளோ இல்லியே?"

"அன்னிக்குத் தலைதட்டினேன்."

"ஏங்க்கா?"

"வயித்தெரிச்சல்" என்றாள் அம்சவல்லி. "வேற என்னா. வூடு வூடா உன் பேரைத்தான சொல்லிகினு இருக்காங்க."

நந்தினியின் கண் கலங்கிவிட்டது. "குடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேனே" என்றாள். நாலு முறையும் குவித்து அளக்கவைத்து, வெல்லத்தையும் நிறுத்து, புது அளவை ஓசூருக்கு அனுப்பினாள். முடித்துவிட்டு நிமிர்வதற்குள் போன் ஒலித்தது. பொற்கொடி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். நந்தினி யோசிக்காமல் தொட்டுவிட, அடுப்படி முழுக்க அந்தக் குரல் கேட்டது.

"அக்கா, ரொம்ப தேங்க்ஸ்க்கா. இப்பவே அரிசி ஊறப்போடறேன். உங்கம்மா உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலியான்னு அத்த கேட்டாங்க, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. நீங்க இருக்கறதால தப்பிச்சேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா. தெரிஞ்சா அப்புறம் உங்ககிட்ட பேசவே மாட்டாங்க."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நந்தினி போனைக் கவிழ்த்து வைத்தாள். சிந்திக் கிடந்த அரிசியை அம்சவல்லி ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தாள்.

"இன்னொரு வாட்டி போடு" என்றாள்.

"வேணாங்க்கா."

"போடுன்னா போடு."

நந்தினி மறுபடி போட்டாள். அம்சவல்லி கடைசிவரை கேட்டாள்.

"ரெண்டு வருஷமா எங்கிட்ட போன்ல பேசறா" என்றாள். "ஒரு நாளாச்சும் இவ்ளோ ஆசையா பேசியிருக்காளா?"