சத்தம் போடாத பிரேக்

சமீபத்தில் என் பைக்கின் வாயை அடைத்தேன். அன்றிலிருந்து என் வாயும் அடைத்துப்போய்க் கிடக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன். என் வண்டியில் முன் பிரேக்கைப் பிடித்தால் ஒரு சத்தம் வரும். சாதாரண கிரீச் இல்லை... பன்றியைத் துரத்திப் பிடிக்கிற மாதிரி ஓர் அலறல். தஞ்சாவூரில் எங்கள் தெருமுனையில் நான் பிரேக் பிடித்தால், சமையலறையில் இருக்கும் என் மனைவி கலாவதிக்குக் கேட்கும். டீக்கடை மாஸ்டர் எனக்கென்று சர்க்கரை போடாத டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. அங்கே மதகுத் திருப்பத்தில் பிடித்தால் நாலு வயல் தள்ளி மேயும் கொக்குகள் எழுந்து பறக்கும்.

இத்தனை நாள் இதை வைத்தா ஓட்டினீர்கள் என்று கேட்பீர்கள். ஓட்டினேன். வண்டி நின்றது, வேறென்ன வேண்டும்? ஆனால் இந்த மழைக்காலத்தில் சத்தம் கூடியது, நிற்பது குறைந்தது. சரி, பிரேக் பேடு மாற்றியே ஆக வேண்டும். மெக்கானிக்கிடம் போனால் "நாளைக்கு வாங்க சார்" என்பார். அவருடைய நாளைக்குக் காலண்டரில் தேதி கிடையாது. நாமே மாற்றினால் என்ன? கீழவாசல் கடையில் ஒரு செட் பேடும் கிரீஸும் வாங்கி வந்து, போனில் வீடியோவைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஓர் ஆண் வாசலில் ஸ்பேனரோடு உட்கார்ந்தால் தெருவே ஆலோசகர் ஆகிவிடும். எதிர் வீட்டு ராஜேந்திரன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"எதுக்கு சார் இவ்ளோ வேலை? ரெண்டு சொட்டு தேங்காண்ணெ விடுங்க. கப்புனு அடங்கிடும்."

நியாயமாகத்தான் பட்டது. நம் வீட்டில் எது கிரீச்சிட்டாலும் — கதவோ, தையல் மெஷினோ — கை எண்ணெய் பாட்டிலுக்குத்தானே போகிறது? நானும் உள்ளே போய் பாட்டிலோடு வந்தேன். கலா மறித்தாள்.

"எண்ணெயோட எங்க போறீங்க?"

"பிரேக்குக்கு."

"என்னங்க, பிரேக்குல எண்ணெ விட்டா வண்டி எங்க நிக்கும்? நேரா வெண்ணாத்துலதான் போய் நிக்கும்."

ராஜேந்திரனுக்குத் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிட்டது.

போல்ட்டுகளைக் கழற்றிக் காலிப்பரை வெளியே இழுத்தேன். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பாகம் அது. உள்ளே பேடு வெற்றிலைக் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. அதைச் சுற்றி, டிராக்டர்கள் ரோட்டில் சிந்திவிட்டுப் போகிற வயல் சேறு. நடுவில் வைக்கோல் துண்டு. கூடவே ஒரு நெல்! இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முளைத்திருக்கும்.

பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தேய்த்தேன். பேடை அழுத்துகிற பிஸ்டனைத் துடைத்து, மெதுவாக உள்ளே தள்ளினேன். காலிப்பர் நகர்கிற கம்பிகளுக்கு மட்டும் கிரீஸ் தடவினேன். பேடில் படாமல் பார்த்துக்கொண்டேன். கலா போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"பேடு மாத்துங்க, வேணாங்கல. ஆனா அந்தச் சத்தம் போயிடுமா?"

"போறதுக்குத்தானே மாத்துறேன்?"

"இல்ல... சும்மா கேட்டேன்."

கலா சும்மா எதையும் கேட்கிறவள் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்து, வெற்றிச் சிரிப்போடு வண்டியில் ஏறி பிரேக்கைப் பிடித்தால்... லீவர் தொளதொளவென்று கைப்பிடி வரை வருகிறது. பிரேக்கே இல்லை!

"கிளம்பிடாதீங்க. லீவரைத் திரும்பத் திரும்ப அமுக்குங்க, இறுகும். வீடியோ கடைசில சொன்னானே, கேக்கல?" என்றாள் கலா.

கேட்கவில்லை. எந்த வீடியோவையும் நான் கடைசி வரை பார்த்ததில்லை. அமுக்கினேன். இறுகியது. தெருவில் மெல்ல ஒரு சுற்றுப் போய் வந்தேன். வண்டி பூனை மாதிரி வந்து நின்றது. ஆஹா! பெருமையில் அன்றைக்கு ராத்திரி தூக்கம்கூடச் சரியாக வரவில்லை.

மறுநாள் காலையில் வயலுக்குப் போனேன். வாய்க்காலில் அன்றைக்கு எங்கள் முறைத் தண்ணீர். மதகுத் திருப்பத்தில் சத்தமில்லாமல் வண்டியை நிறுத்தினால், பக்கத்து வயல்காரன் கணேசன் குனிந்து நிற்கிறான். கையில் மண்வெட்டி. என் வரப்பை வெட்டி, என் வயல் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறான். வேலையில் என்ன ஒரு ஈடுபாடு! நான் பக்கத்தில் போய் இருமியதும் துள்ளிவிட்டான்.

"அண்ணே! எப்பண்ணே வந்தீங்க? சத்தமே கேக்கல?"

"பிரேக் மாத்திட்டேன்."

அவன் முகம் தொங்கிவிட்டது. "ஏண்ணே? நல்லாத்தானே இருந்துச்சு?"

இத்தனை நாளும் நான் போகும்போதெல்லாம் இவன் வரப்பில் நிமிர்ந்து நின்று கும்பிடுவான். கணேசன் மாதிரி மரியாதை தெரிந்த பிள்ளை கிடையாது என்று கலாவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! என் பிரேக் சத்தம் கேட்டதும் மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்த மரியாதை அது.

கோபத்தில் வேறு எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வழக்கமாக மதியம்தான் வருவேன். அன்றைக்குப் பத்தரை மணிக்கே வாசலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே கலாவின் குரல்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் பேனாவால் எழுதுகிற ஆள். கலாதான் அதைப் பார்த்து வாசிப்பாள், போன் கேட்டு டைப் அடித்துக்கொள்ளும், பத்திரிகைக்குப் போய்விடும். அன்றைக்கு அவள் வாசித்துக்கொண்டிருந்தது, கல்யாணப் பந்தியைப் பற்றிப் போன வாரம் நீங்கள் படித்தீர்களே, அந்தக் கட்டுரை. என் எழுத்தை என் மனைவி வாசிக்க, நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ரசித்துக்கொண்டு நின்றேன்.

"'ஆகவே, பந்தியில் பொறுமை மிக மிக அவசியம் என்பதை நாம் அனைவரும் உணர வேண்டும்'... ஐயோ கடவுளே."

கட்டுரையின் கடைசி வரி அது; ஐயோ கடவுளே மட்டும் நான் எழுதியதில்லை. பிறகு போனிடம் நிதானமாகச் சொன்னாள்.

"பந்தியில் இடம் பிடிக்கத் தெரிந்தவருக்கு மாப்பிள்ளையின் பெயர் தெரிய வேண்டியதில்லை. முற்றுப்புள்ளி."

செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

திருத்துறைப்பூண்டியில் ஒரு வாசகர் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். பத்திரிகை வந்த அன்றே போன் செய்து கடைசி வரியை மட்டும் மனப்பாடமாகச் சொல்லிச் சிலாகிப்பார். "எப்படி சார் இதெல்லாம் தோணுது?" நானும் தலையைச் சொறிந்துகொண்டு, "ஏதோ வருது சார்" என்பேன். நான் எழுதிய கடைசி வரி வேறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பத்திரிகை ஆசிரியர் திருத்துகிறார் என்று நினைத்திருந்தேன். அவரைக் கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று கேட்காமலே இருந்தேன். பாராட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பொறாமையாக இருந்தது. அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது. உள்ளே போய்க் கேட்டேனா? அவ்வளவு தைரியம் இருந்தால் நான் ஏன் எழுத வருகிறேன்? வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், ஹாரனை நன்றாக அமுக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். கலா வாசலுக்கு வந்து, "இப்பதாங்க அனுப்பிச்சேன்" என்றாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

பத்திரிகை வந்தது. திருத்துறைப்பூண்டிக்காரரும் லைனில் வந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. கலா பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், பிரமாதம் சார்! மாப்பிள்ளையின் பெயர் தெரிய வேண்டியதில்லை! எப்படி சார் தோணுது?"

ஏதோ வருது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அன்றைக்கு அது வரவில்லை.

"அது நான் எழுதினதில்லீங்க. எங்க வீட்ல எழுதினாங்க. இதுக்கு முன்னாடி நீங்க சொன்னதெல்லாமும் அவங்கதான்."

இத்தனை காலம் சேர்த்த பெயர் போயிற்று என்றே நினைத்தேன். பிறகு அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"அப்ப போனை அவங்ககிட்ட குடுங்க சார்."

கொடுத்தேன். அவரைக்காயை நான்தான் நறுக்கி முடித்தேன். அவ்வளவு நேரம் பேசினார்கள்.

போனை வைத்ததும் கேட்டேன். "ஏன் கலா எங்கிட்ட சொல்லல?"

"தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"ஆசிரியர் மாத்துறாருன்னு நெனச்சேன்."

"அவருக்கு வேற வேலை இல்லையா?" என்றவள், கத்தியை வாங்கிக்கொண்டு, "இனிமே நீங்களே எழுதிக்குங்க" என்றாள்.

இந்த வாரம் கடைசி வரிக்கு நானே முயன்றேன். 'வண்டிக்கு பிரேக் எப்படியோ, வாழ்க்கைக்கு நிதானம் அப்படி' என்று எழுதிக் காட்டினேன். லாரிக்குப் பின்னால் எழுத ஆள் தேடுகிறார்களாம், போய்ப் பாருங்கள் என்றாள். இன்னொன்று எழுதினேன். அதை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

கடைசியில் சமாதானத்துக்கு வந்தோம். இனி கடைசி வரி அவளுடையது, கீழே அவள் பெயரும் வரும். மனதாரச் சம்மதித்திருக்கிறேன். ஆனால் பேனாவைக் கொடுக்கும் முன், என் மனைவியைப் பற்றி உங்களிடம் நான் சொல்லியே ஆக வேண்டிய விஷயங்கள் சில உண்டு. முதலாவதாக, எங்கள் கல்யாணத்தன்று —

இதன் பிறகு இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். உங்கள் நன்மைக்காக எடுத்துவிட்டேன். — கலாவதி